இராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்து வைக்காதீர்கள்

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் தனியார் கம்பனிகளில் வேலை செய்கிற, என்னைப் போல ஆண்களையே விரும்புகிற ஆண்களுக்கும், பெண்களை விரும்புகிற பெண்களுக்கும் இதை எழுதுகிறேன். முதலாளிமார் வாசித்தாலும் நல்லது; அவர்களிடமும் சொல்ல வேண்டியது இருக்கிறது. எனக்கு நடந்தது நாளைக்கு இன்னொரு பொடியனுக்கு நடந்தால், அந்த நிமிடத்தில் என்ன செய்ய வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நான் வேலை செய்தது மட்டக்களப்பு நகரத்தில் ஒரு விநியோகக் கம்பனியில். சோப், பிஸ்கட், பால்மா என்று லொறியில் ஏற்றி, வடக்கே வாழைச்சேனை தொடங்கித் தெற்கே பொத்துவில் வரைக்கும் கடைகளுக்குப் போடுகிற இடம். நான் கணக்குப் பகுதி. பின்னேரம் விற்பனை ரெப்மார் ரூட் முடித்து வந்து காசையும் செக்கையும் பில் கட்டையும் மேசையில் வைப்பார்கள். எல்லாவற்றையும் ஒத்துப் பார்த்து, காசு குறைந்தால் எந்தக் கடையில் குறைந்தது என்று கண்டுபிடித்த பிறகுதான் எழும்புவேன். ஐந்து வருடத்துக்கு மேல் அந்தக் கதிரையில் இருந்தேன். ஒரு எச்சரிக்கைக் கடிதம்கூட வாங்கியதில்லை. பிறகு நடந்த விசாரணையில் எனக்குக் கைகொடுத்தது அதுதான்.

விசயம் வெளியே வந்தது கலியாணப் பேச்சில். வீட்டில் ஒரு இடம் பார்த்திருந்தார்கள், எனக்கே தெரியாது. பெண் வீட்டார் வழக்கப்படி பொடியனைப் பற்றி விசாரிக்க ஆள் அனுப்பினார்கள். எங்கள் பக்கத்தில் விசாரிப்பதென்றால் முதலில் போவது வேலை செய்கிற இடத்துக்குத்தான். என்னோடு வேலை செய்த ஒருவர் என் போனுக்கு வந்த ஒரு செய்தியை எப்போதோ கண்டிருக்கிறார். கேட்டு வந்தவர்களிடம் அதைச் சொன்னார். அவர்கள் அதோடு போகாமல் முதலாளியிடமும் கேட்டுவிட்டுப் போனார்கள். அன்று பின்னேரமே ஸ்டோரில் சாமான் இறக்குகிறவர்கள் என்னைக் கண்டதும் ‘ஒம்பது’ என்று சொல்லிச் சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். வீட்டுக்கும் செய்தி போயிற்று. வீட்டில் நடந்ததை இங்கே எழுதப் போவதில்லை. அது அம்மாவுக்கும் எனக்கும் இடையில் இருக்கட்டும்.

அடுத்த கிழமை மனேஜர் கூப்பிட்டார். மேசையில் ஒரு கடிதம் கிடந்தது. என் பெயர், அடையாள அட்டை இலக்கம், திகதி எல்லாம் ஏற்கெனவே அடித்திருந்தார்கள். ‘எனது சொந்தக் காரணங்களினால் இன்று முதல் எனது பதவியை இராஜினாமா செய்கிறேன்’ என்று ஒரே வரி. கீழே புள்ளிக்கோடு. இரண்டு பிரதி. பேனையின் மூடியைக் கழற்றி என் பக்கமாக வைத்தார்.

“தம்பி, இதில ஒரு சைன் வெச்சிட்டுப் போங்க. இந்த மாசச் சம்பளம் முழுசா வரும். கதையும் இதோட முடிஞ்சிரும். உங்களுக்கும் நல்லம், எங்களுக்கும் நல்லம்.”

“நான் என்ன பிழை செய்தன் சேர்?”

“வேலையில ஒரு பிழையும் இல்ல. அது எனக்கும் தெரியும், முதலாளிக்கும் தெரியும்.”

“வீட்ட கதைச்சிட்டு நாளைக்குச் சொல்றன் சேர்.”

எங்கள் ஊரில் இந்தப் பதிலை யாரும் தட்ட மாட்டார்கள். பெரிய முடிவென்றால் வீட்டில் கதைத்துவிட்டுத்தான் எடுப்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. அந்த அறையில் வைத்து நான் சட்டம் கதைத்திருந்தால் வாக்குவாதம்தான் வந்திருக்கும். ‘வீட்டில் கதைக்க வேண்டும்’ என்றதால் கையெழுத்து வைக்காமல் வெளியே வர முடிந்தது. உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வந்தால் இந்த வசனத்தையே சொல்லுங்கள். யாரும் அந்த இடத்திலேயே கையெழுத்துப் போட வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

மறுநாள் வழமையான நேரத்துக்கு வேலைக்குப் போனேன். இது முக்கியம், வெட்கத்தில் வீட்டில் நின்றுவிட்டால் ‘அவர் தானாக வராமல் விட்டார்’ என்று கம்பனி எழுதிக்கொள்ளலாம். கேற்றில் நின்ற செக்கியூரிட்டி அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல், “தம்பி, கார்டை வாங்கி வைக்கச் சொன்னாங்க” என்றார். நான் அவரோடு சண்டைக்குப் போகவில்லை. நேரத்தைக் குறித்துக்கொண்டு நேரே தபால் கந்தோருக்குப் போனேன். முதல் நாள் இரவே தெரிந்த ஒரு சட்டத்தரணியிடம் போனில் கேட்டு, கடிதத்தை எழுதி வைத்திருந்தேன். அதில் இருந்தது இவ்வளவுதான்: நான் இராஜினாமா செய்யவில்லை, இன்ன திகதி காலை வேலைக்கு வந்தபோது கேற்றில் மறிக்கப்பட்டேன், என் சேவை முடிவுறுத்தப்பட்டிருந்தால் அதற்கான காரணத்தை எழுத்தில் தரவும், இன்றும் நான் வேலை செய்யத் தயாராக இருக்கிறேன். பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பிரதியோடு பின் பண்ணி வைத்தேன். ஒரு பிரதி தொழில் திணைக்களத்தின் மட்டக்களப்பு அலுவலகத்துக்கும் போனது.

இந்தக் கடிதம் ஏன் அவ்வளவு முக்கியம் என்று சொல்கிறேன். நீங்கள் இராஜினாமாவில் கையெழுத்து வைத்துவிட்டால், ‘வற்புறுத்தி வாங்கினார்கள்’ என்று நிரூபிக்கிற சுமை உங்கள் தலையில் விழும். அதுவும் முடியாத காரியமில்லை. வற்புறுத்தி வாங்கிய இராஜினாமா உண்மையில் வேலைநீக்கம்தான் என்று வாதாட நம் தொழிற்சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் சாட்சிக்கு யார் வருவார்? கையெழுத்து வைக்காமல், நான் வேலைக்கு வந்தேன் என்று எழுத்தில் போட்டுவிட்டால், ‘ஏன் நிறுத்தினோம்’ என்று சொல்ல வேண்டிய பொறுப்பு கம்பனிக்குப் போகிறது.

அதைச் சொல்வது இலங்கையில் ஒரு முதலாளிக்கு லேசில்லை. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம், அதாவது ஊழியர் சேவையை முடிவுறுத்துவது பற்றிய விசேட ஏற்பாடுகள் சட்டம், 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற இடங்களுக்குப் பொருந்தும். நீங்கள் கடைசிப் பன்னிரண்டு மாதத்தில் 180 நாளாவது வேலை செய்திருந்தால், ஒழுக்காற்று நடவடிக்கை தவிர்ந்த வேறு எந்தக் காரணத்துக்காகவும், உங்கள் எழுத்துமூலச் சம்மதம் அல்லது தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன் அனுமதி இல்லாமல் உங்களை நிறுத்த முடியாது. ஒழுக்காற்றுக் காரணம் என்றால், நிறுத்தி இரண்டாவது வேலை நாள் முடிவதற்குள் அதை எழுத்தில் தர வேண்டும். தராவிட்டால் அது ஒழுக்காற்று நீக்கமாகவே கணக்கில் எடுக்கப்படாது. எனக்கு எந்தக் கடிதமும் வரவில்லை. புள்ளிக்கோட்டில் என் கையெழுத்தை அவர்கள் ஏன் அவ்வளவு விரும்பினார்கள் என்பது இப்போது விளங்கும்: அந்த ஒரு கையெழுத்துதான் சட்டம் கேட்கிற சம்மதம்.

ஐந்து பேர் வேலை செய்கிற சின்னக் கடை என்றால் இந்தச் சட்டம் வராது. ஆனால் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் கீழ் தொழில் நியாய சபைக்குப் போகலாம். இரண்டு வழிக்கும் ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். கதை அடங்கட்டும், பிறகு பார்ப்போம் என்று இருந்துவிடாதீர்கள். கதை அடங்குவதற்குள் ஆறு மாதம் போய்விடும்.

தொழில் அலுவலகத்துப் படிக்கட்டில் ஏறும்போது எனக்கு இருந்த பயம் ஒன்றுதான்: ‘ஏன் நிறுத்தினார்கள்’ என்று கேட்டால் என்ன சொல்வது? உத்தியோகத்தர் ஒரு நடுத்தர வயது அம்மா. அவர் அதைத்தான் முதலில் கேட்டார். நான் சொன்னேன்: “காரணம் எழுத்தில் தரவில்லை மிஸ். வேலையில் பிழை இல்லை என்று மனேஜரே சொன்னார்.” அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். சம்பளச் சீட்டு இருக்கிறதா, நியமனக் கடிதம் இருக்கிறதா, சேமலாப நிதி ஒழுங்காகக் கட்டினார்களா? என் காதலைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் அந்தச் சட்டத்தில் இல்லை. விசாரணைக்கு வந்த கம்பனித் தரப்பு ‘நிர்வாகக் காரணம்’ என்றார்கள், அதற்கு மேல் அவர்களாலும் விளக்க முடியவில்லை. கடைசியில் இணக்கத்துக்கு வந்தார்கள். நின்ற மாதங்களின் சம்பளம், ஒரு தொகை நட்டஈடு, பணிக்கொடை, நல்ல வார்த்தையில் ஒரு சேவைச் சான்றிதழ். ஐந்து வருடம் முடித்தவருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் பணிக்கொடையாக வர வேண்டும் என்பது 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். திரும்ப அங்கே வேலைக்குப் போக நான் கேட்கவில்லை. உங்களுக்கு வேலை வேண்டுமா, காசு வேண்டுமா, சான்றிதழ் வேண்டுமா என்பதை அந்தப் படிக்கட்டில் ஏற முதலே முடிவு செய்துகொண்டு போங்கள்.

இடையில் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. பெயர் சொல்லவில்லை. “வழக்கை வாபஸ் வாங்கு, இல்லாட்டிப் பொலிசுக்குப் போவம்” என்றார்கள். இந்த மிரட்டலுக்குப் பயந்துதான் எங்களில் பலர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு டோஹாவுக்கோ கொழும்புக்கோ போகிறார்கள். ஆகவே சட்டத்தைச் சரியாகத் தெரிந்து வைத்திருங்கள். 1883இல் பிரித்தானியர் கொண்டுவந்த தண்டனைச் சட்டக்கோவையில், ஒரே பாலினத்தவரின் உடலுறவைக் குற்றமாக்கப் பயன்படுகிற 365, 365அ பிரிவுகள் இன்னும் இருக்கின்றன. 1995இல் செய்த திருத்தத்தால் பெண்களும் அதற்குள் வந்தார்கள். ஆனால் அந்தப் பிரிவுகள் தண்டிப்பது செயலை. ஒருவரை விரும்புவதோ, ‘நான் இப்படியானவன்’ என்பதோ குற்றமில்லை. மிரட்டிக் காரியம் சாதிப்பது அதே சட்டக்கோவையில் குற்றம். 2016இல் உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், வயது வந்தவர்கள் சம்மதத்தோடு செய்வதற்குச் சிறை பொருத்தமில்லை என்ற நிலைப்பாட்டை எடுத்தது; சட்டத்தை நீக்க அதனால் முடியவில்லை. அந்தப் பிரிவுகளை மாற்ற அப்போதைய பாராளுமன்ற உறுப்பினர் பிரேம்நாத் சி. தொலவத்த கொண்டுவந்த தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று 2023 மே மாதத்தில் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. அது நிறைவேறாமலேயே 2024 செப்டெம்பரில் பாராளுமன்றம் கலைக்கப்பட்டது.

அந்த அழைப்புக்கு நான் பதில் சொல்லாமல் இலக்கத்தையும் நேரத்தையும் எழுதிச் சட்டத்தரணியிடம் கொடுத்தேன். பிறகு வரவில்லை. போனுக்குப் பூட்டுப் போடுங்கள், திரையில் செய்தி தெரியாதபடி வையுங்கள். முறைப்பாட்டிலோ கடிதத்திலோ உங்கள் அந்தரங்க வாழ்க்கையைப் பற்றி ஒரு வரியும் எழுதாதீர்கள். அது பொய் சொல்வதில்லை. வேலை சம்பந்தமான வழக்கில் வேலையைப் பற்றித்தான் கதைக்க வேண்டும்.

சரி, முதலாளியின் பக்கம். அவரை எனக்குத் தெரியும். சுனாமிக்குப் பிறகு ஒரு பழைய வானோடு தொடங்கி அந்தக் கம்பனியைக் கட்டி எழுப்பியவர். பின்னொரு நாள் ஒரு பொது உறவினர் மூலம் அவர் சொன்னது என் காதுக்கு வந்தது: “நான் போட்ட காசு, நான் கட்டின இடம். ஆரை வெச்சிருக்கிற, ஆரை அனுப்புற எண்டு நான்தானே பார்க்கோணும்?” இதை ஒரேயடியாகத் தள்ளிவிட என்னால் முடியாது. நட்டம் வந்தால் அவருடைய வீடுதான் ஈட்டுக்குப் போகும், என்னுடையதில்லை. காசு எடுத்தவனை, குடித்துவிட்டு லொறி ஓட்டியவனை, கூட வேலை செய்கிறவர்களைத் தொந்தரவு செய்கிறவனை அனுப்ப அவருக்கு உரிமை வேண்டும். நான் ஒரு சக ஊழியரிடம் அத்துமீறி நடந்திருந்தால் என்னையும் அனுப்பத்தான் வேண்டும். நான் யாரை விரும்புகிறேன் என்பது அதற்கு ஒரு கவசமாக இருக்கக்கூடாது. யாருக்கு என்ன வேலை, எத்தனை மணிக்கு, என்ன சம்பளம், எல்லாம் அவருடைய தீர்மானம்.

அவருடைய உரிமை முடிகிற இடம், என் வேலையோடு சம்பந்தமில்லாத காரணம் தொடங்குகிற இடம் என்று நான் நினைக்கிறேன். பொத்துவில் ரூட்டின் காசு சரியாக வந்ததா என்பதற்கும் நான் இரவில் யாரோடு கதைக்கிறேன் என்பதற்கும் என்ன தொடர்பு? கடைக்காரர்கள் கதைப்பார்கள், வியாபாரம் படுக்கும் என்று அவர் பயந்திருக்கலாம். ஆனால் வேறு சாதிக்காரன், வேறு சமயத்தவன் என்றும் கடைக்காரர்கள் கதைத்த காலம் எங்கள் மாவட்டங்களில் இருந்தது. தமிழ் முதலாளி முஸ்லிம் டிரைவரை நிறுத்தினதும், முஸ்லிம் முதலாளி தமிழ்ப் பொடியனை நிறுத்தினதும் சண்டைக் காலத்தில் நடந்ததுதான். வாடிக்கையாளருக்குப் பிடிக்கவில்லை என்பது அப்போதும் காரணமாகச் சொல்லப்பட்டது. அது சரியென்று இன்று யார் சொல்வார்?

முதலாளியின் சுதந்திரம் பற்றிய வாதம் அமெரிக்காவில் பெரிதாக நடக்கிறது. அங்கே பெரும்பாலான மாநிலங்களில் காரணமே சொல்லாமல் ஊழியரை நிறுத்தலாம். ஆகவே இன்ன காரணத்துக்காக நிறுத்தக்கூடாது என்று பெயர் சொல்லித் தடுக்கிற சட்டம் தேவைப்படுகிறது. ஜோர்ஜியா மாநிலத்தில் ஜெரால்ட் பொஸ்டொக் என்பவர் சிறுவர் நலப் பணியில் இருந்தார். ஓரினக் காதலர்களின் சொஃப்ட்போல் லீக் ஒன்றில் சேர்ந்த பிறகு வேலை போனது. அவருடைய வழக்கில்தான் 2020 ஜூன் 15ஆம் திகதி அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்று தீர்ப்புச் சொன்னது. பாலின அடிப்படையில் பாகுபாடு கூடாது என்கிற 1964ஆம் ஆண்டுச் சட்டம் இவர்களையும் காக்கும் என்றது. ஆணை விரும்புகிற பெண்ணை நிறுத்தாத முதலாளி, ஆணை விரும்புகிற ஆணை நிறுத்தினால் அது பாலினம் பார்த்து நிறுத்தியதுதான் என்பது தர்க்கம். அந்தச் சட்டமும் 15 பேருக்குக் குறைந்த இடங்களுக்குப் பொருந்தாது. பிரித்தானியாவின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் இன்னும் தெளிவானது; மதகுரு போன்ற பணிகளுக்கு விலக்குக் கொடுத்திருக்கிறது. அந்த விலக்கு எனக்கு நியாயமாகத்தான் படுகிறது. ஒரு கோயில் தன் குருக்கள் யார் என்று தீர்மானிக்கட்டும், பள்ளிவாசல் தன் இமாமைத் தீர்மானிக்கட்டும். பிஸ்கட் விநியோகத்துக்கு அந்த விலக்கு பொருந்தாது.

எங்கள் நாட்டு நிலைமை தலைகீழ். காரணமில்லாமல் நிறுத்துகிற சுதந்திரம் இங்கே முதலாளிக்கு ஏற்கெனவே இல்லை. அரை நூற்றாண்டுக்கு முன்பே சட்டம் அதை எடுத்துவிட்டது. எங்களிடம் இல்லாதது வாய் திறந்து காரணத்தைச் சொல்கிற துணிவு. 365அ இருக்கும்வரை, ‘இன்னதற்காகத்தான் என்னை நிறுத்தினார்கள்’ என்று ஊழியர் சொல்ல முடியாது. சொன்னால் அதையே அவருக்கு எதிராகத் திருப்பலாம். ஆகவே முதலில் அந்தப் பிரிவுகள் போக வேண்டும், பிறகு தனியார் துறைக்கும் பொருந்துகிற பாகுபாட்டுத் தடைச் சட்டம் வர வேண்டும். ஏனென்றால் ஆள் எடுக்கும்போது இந்த விசயத்தில் முதலாளிக்கு இன்றைக்கு ஒரு தடையும் இல்லை. நேர்முகத் தேர்வில் ‘ஏன் இன்னும் கலியாணம் முடிக்கல்ல’ என்று கேட்டு, பதில் பிடிக்காமல் அனுப்பிவிட்டால் நீங்கள் எங்கேயும் போக முடியாது.

அரசாங்க வேலை என்றால் வழி வேறு. சமத்துவம் பற்றிய அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை அரசாங்கத்தைக் கட்டுப்படுத்தும். அது பாலீர்ப்பு, அதாவது ஒருவர் யாரை விரும்புகிறார் என்பதன் அடிப்படையிலான பாகுபாட்டிலிருந்தும் காக்கிறது என்று 2014இல் ஐ.நா. மனித உரிமைகள் குழுவின் முன் இலங்கை அரசே சொன்னது. ஆனால் உயர் நீதிமன்றத்துக்குப் போக ஒரு மாதம்தான் அவகாசம். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கிற காலம் கணக்கில் சேராது. மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அதன் அலுவலகங்கள் இருக்கின்றன. அரசசார்பற்ற நிறுவனங்களில் ஒப்பந்த அடிப்படையில் இருப்பவர்கள் நிறுவனத்தின் நடத்தைக் கோவையை எடுத்து வாசியுங்கள். சர்வதேச நிறுவனங்கள் பலவற்றில் பாலீர்ப்பு பெயர் சொல்லியே எழுதப்பட்டிருக்கும். ஒப்பந்தக் காலம் முடிந்து புதுப்பிக்காமல் விட்டால் கேட்பது கடினம்.

முதலாளிமாருக்கு. உங்கள் ஊழியர் ஒருவரைப் பற்றி இப்படி ஒரு கதை உங்கள் மேசைக்கு வந்தால், கொண்டு வந்தவரிடம் கேளுங்கள்: வேலையில் என்ன பிழை, யாருக்கு என்ன தொந்தரவு, எழுத்தில் தருவீர்களா? எழுத்தில் வந்தால் முறைப்படி விசாரியுங்கள், அவரையும் கேளுங்கள். எழுத்தில் தர ஒன்றுமில்லை என்றால் கொண்டு வந்தவரை அவருடைய வேலையைப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டோரில் சிரிக்கிறவர்களை ஒரு தடவை கூப்பிட்டுக் கண்டியுங்கள். முதலாளி கண்டித்தால் அது நிற்கும். மனேஜரிடம் அடித்து வைத்த இராஜினாமாக் கடிதம் ஏதும் இருந்தால், அதை வாங்கிக் கிழித்துப் போடுங்கள்.